விர்கோ இல்லை, விராகோ

நிச்சயம் பேச வந்த இடத்தில், வெற்றிலைத் தட்டு கைமாறுவதற்கு முன்னால், மதலேனம்மாள் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்துப் பாயில் வைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு எதுவும் எழுத்துல இருந்தாத்தான் மனசு ஒப்பும். மாடு வாங்குனாலும் ஆஸ்பத்திரிச் சீட்டு கேக்கற ஆளு நான். பொண்ணு வேல செய்யற பள்ளிக்கூடத்து எட்மாஸ்டருக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்திருக்குது. எல்லாரும் இருக்கறப்பவே படிச்சிரலாம்."

பெண்ணின் தகப்பன் மரியசூசைக்கு முகம் சுண்டிப்போயிற்று. மகளை மாட்டோடு சேர்த்துவிட்டார்களே என்று கோபம். ஆனால் மாரண்டஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி நல்லம்பள்ளிப் பக்கம் வரை வந்திருக்கும் சம்பந்தியிடம் என்ன சொல்வது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

உள் அறையில் நின்ற ராஜமேரி கதவைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியர் ராஜப்பன் தன்னைப் பற்றி நல்ல வார்த்தை எழுதியிருக்க மாட்டார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மாப்பிள்ளை ஸ்தனிஸ்லாஸ்தான் முதலில் கடிதத்தைப் பிரித்தான். மாரண்டஹள்ளி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்துச் சீட்டு படித்துப் பழகிய கண். கடகடவென்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். நேரத்துக்கு வருகிறாள். கணக்குப் பாடம் நன்றாக நடத்துகிறாள். லீவு எடுப்பதில்லை. கடைசி வரியில் வந்து நின்றுவிட்டான்.

"'ஷி இஸ், ஹவ்எவர், எ...' இந்த வார்த்தை எனக்குத் தெரியலீங்களே. வி, ரா... விராகோ?"

"இங்கே குடுங்க தம்பி" என்று கை நீட்டினார் அருள்சாமி உபதேசியார்.

கோயில் உபதேசியார் என்றால் ஊரில் பாதிச் சாமியார். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து மூன்று வருஷம் ஆகியும், அவர் மட்டும் பீடத்துக்குப் பக்கத்து அறையான சங்கீர்த்தியில் தனியாக உட்கார்ந்து லத்தீனில் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் ஒரு வார்த்தை தப்பாது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கடிதத்தை விளக்குத் திரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, இது லத்தீனுங்க! எழுத்துப் பிழை வந்திருக்குது, அவ்வளவுதான். நடுவுல ஒரு 'ஏ' சேத்துப் போட்டுட்டாரு. விர்கோ! நாப்பது வருஷம் மாதா பிரார்த்தனையில பாடுன எனக்குத் தெரியாதா? விர்கோன்னா கன்னி. மாதாவுக்கே அந்தப் பேருதான்."

"அப்ப அந்த 'ஹவ்எவர்'?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"'ஹவ்'னா எப்படி. 'எவர்'னா எப்பவும். எப்படிப் பாத்தாலும், எப்பவும் கன்னி. இதுக்கு மேல ஒரு பொண்ணைப் பத்தி ஒரு மனுசன் என்னாங்க எழுதுவான்?"

மதலேனம்மாள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "எட்மாஸ்டர் பெரிய மனுசன்" என்றாள். மரியசூசையின் கோபம் பறந்துபோயிற்று. வெற்றிலைத் தட்டு கைமாறியது. உள்ளே ராஜமேரியின் அம்மா ராயம்மாள் மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

ராஜமேரி மட்டும் கதவைப் பிடித்தபடி நின்றாள். ராஜப்பனாவது, தன்னை மாதாவோடு சேர்ப்பதாவது! அந்த மனிதருக்கு அவள் செய்தது ஊருக்கே தெரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பள்ளிக்கூடக் கிணறு ஒன்றில்தான் தண்ணீர் மிச்சம். ராஜப்பன் அரை மைல் தள்ளிக் குடியிருந்தார். அவர் வீட்டுக்கு ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பெண்கள் பதினோரு பேர், தினமும் மூன்றாவது பீரியடில் ஆளுக்கு இரண்டு நடை தண்ணீர் சுமந்தார்கள். மூன்றாவது பீரியட் இரண்டு வகுப்புக்கும் சேர்த்துக் கணக்கு. ராஜமேரியின் கணக்கு. பையன்கள் பின்னம் போட, பெண்கள் குடம் தூக்கினார்கள். அவள் இரண்டு முறை நயமாகச் சொல்லிப் பார்த்தாள். "பொட்டப் புள்ளைங்களுக்குப் பின்னம் எதுக்கு டீச்சர்? தண்ணி தூக்கத்தானே போவுதுங்க" என்று சிரித்தார் அவர். மூன்றாம் முறை அவள் சொல்லவில்லை. வெயில் நேரத்தில் பள்ளிக்கூடக் கேட்டை மறித்து நின்றுகொண்டாள். "குடத்தைக் கவுத்துட்டு கிளாசுக்குப் போங்கடி!" என்றாள். ராஜப்பன் ஓடிவந்து கத்தினார். அவரைவிட உரக்க அவள் கத்தினாள்: "உங்க வூட்டுக் குடத்தை உங்க வூட்டுக்காரங்க தூக்கட்டும் சார்! என் புள்ளைங்க தூக்காது!" சாலையில் போன கட்டை வண்டிக்காரன்கூட மாட்டை நிறுத்திப் பார்த்தான். அன்றோடு நின்றது தண்ணீர்.

இதெல்லாம் ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்ல ஆசைதான். நேரில் பேசியது மொத்தம் மூன்று முறை. போன வருஷம் ஊருக்குக் கோமாரி ஊசி போட வந்தவன், எல்லா வீட்டிலும் 'கன்று ஒன்று' என்று எழுதிக்கொண்டு போனவன், அவள் வீட்டில் மட்டும், "இதுக்குப் பேரு என்னாங்க?" என்று கேட்டான். சொன்னாள். அரசாங்க நோட்டில் அந்தப் பேரை அழகாக எழுதிக்கொண்டான். ஒரு கன்றுக்குட்டியின் பேரைக் கேட்டு எழுதுகிறவனோடு ஒரு ஆயுசு இருக்கலாம் என்று அன்றே அவளுக்குத் தோன்றிவிட்டது. வேறு எவனோடும் இருக்க முடியாது என்றும் தோன்றிவிட்டது. அதுதான் இப்போது பயம்.

அடுத்த ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று பெண் ஊர், மாப்பிள்ளை ஊர் இரண்டு கோயிலிலும் சாமியார் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும். மூன்று ஓலை முடிந்தால்தான் தாலி. பேர் வாசித்தபோது பெண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் அவளை நோக்கித் திரும்பின. ராஜமேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எழுத்துப் பிழைக்கு ஸ்தோத்திரம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஸ்தோத்திரம் புதன்கிழமை வரைதான் தாங்கியது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது புளியமரத்தடியில் சைக்கிளோடு நின்றிருந்தான் ஸ்தனிஸ்லாஸ். தர்மபுரி வரை பஸ்ஸில் வந்து, யாரிடமோ சைக்கிள் வாங்கி மிதித்து வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

"மேரி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

ராஜப்பனின் மைத்துனர் வீடு மாரண்டஹள்ளியில். அங்கே வந்திருந்தவரை மதலேனம்மாள் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்துவிட்டாள். ஓடிப்போய்க் கும்பிட்டு, "எம் மருமவள மாதாவோட பேரு சொல்லி எழுதுனீங்களே, மவராசன்" என்று நன்றி சொல்லியிருக்கிறாள். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நடுத்தெருவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறார். "கன்னியா? அடங்காப்பிடாரின்னு எழுதியிருக்கேன்! சண்டைக்காரி! இன்னொருக்கா நல்லாப் படிங்க!"

"நாலு பேரு முன்னால சிரிச்சுட்டாரு. அம்மா வூட்டுக்கு வந்து தண்ணிகூடக் குடிக்கல. எங்க டாக்டர் கிட்ட டிக்சனரி வாங்கிப் பாத்தேன். அப்படித்தான் போட்டிருக்குது." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "ரெண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு அம்மா ரெண்டு கோயிலுக்கும் சொல்லி அனுப்பிட்டாங்க. எட்மாஸ்டர் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கி எழுதிக் குடுத்தா மேல பேசலாமாம். நான் அவருகிட்டப் போயிக் கேட்டேன். நீ மன்னிப்புக் கடிதம் எழுதுனா அவரும் மாத்தி எழுதறேன்னு சொல்றாரு."

"எதுக்கு மன்னிப்புன்னு சொன்னாரா?"

"நீ மரியாதைக் குறைவா பேசினதா..."

"என்ன பேசினேன்னு கேட்டீங்களா?"

அவன் சைக்கிள் மணியைத் தடவினான்.

"கேக்கல. கன்னுக்குட்டிக்குப் பேரு என்னன்னு கேட்டீங்க. இதைக் கேக்கல."

"ஒரு காகிதம்தானே மேரி. நாலு வரி. எழுதிக் குடுத்துட்டா நம்ம கலியாணம்..."

"எழுத மாட்டேங்க" என்றாள் ராஜமேரி. அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய், வளைவில் மறைந்த பிறகுதான் கண் கலங்கியது. அதையும் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அதே பேச்சு. "நாலு வரி எழுதுனா கை தேஞ்சா போயிரும்?" என்று ராயம்மாள் அழுதாள். "வாய் பேசுனது நீ, வாங்கறது நானா?" என்றாள். மரியசூசை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சோறு மட்டும் குறைத்துத் தின்றார். அது அம்மாவின் அழுகையைவிடக் கனமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ராஜப்பனே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"உக்காரு டீச்சர். நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. 'பணிவின்றி நடந்ததற்கு வருந்துகிறேன்'. ஒரே வரி. கையெழுத்து. நாளைக்கே உன் மாமியாருக்குத் தேன் தடவி எழுதித் தர்றேன்."

"நீங்க எழுதுன வார்த்தை எங்கிருந்து வந்துச்சுங்க சார்?"

"என்னது?"

"விராகோ. அதுக்கு மூலம் எது? என்ன பாஷை?"

"எங்கிருந்து வந்தா என்னம்மா? அர்த்தம் சண்டைக்காரி. அடங்காதவ. அவ்வளவுதான். எங்க கல்லூரிப் பிரின்சிபால் தன் பொண்டாட்டியை அப்படித்தான் சொல்லுவாரு" என்று சிரித்தார்.

"அர்த்தம் தெரியாம எழுதிட்டீங்களோன்னு பாத்தேன் சார்."

சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்காதப்போ அர்த்தம் விளங்கும்" என்றார்.

விளங்கத்தான் விளங்கியது. ஞாயிறு பூசையில் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்துவிட்டுச் சாமியார் புத்தகத்தை மூடினார். மூடிய சத்தம் கோயில் முழுக்கக் கேட்டதுபோல் இருந்தது. தலைகள் மறுபடி திரும்பின. இந்த முறை ராஜமேரி முக்காட்டை இழுக்கவில்லை. திரும்பிய ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவை பீடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டன.

பூசை முடிந்ததும் அருள்சாமி உபதேசியார் வாசலில் வந்து நின்றார். மனிதர் நான்கு நாளில் பாதியாகியிருந்தார். "என்னை மன்னிச்சிரும்மா. தெரியாததைத் தெரியும்னு சொன்னேன். அன்னிக்கே தெரியலன்னு சொல்லியிருந்தா, ஓலை போடறதுக்கு முந்தியே..."

"நீங்க சொன்ன பொய்யில ஒரு ஓலையாவது ஆச்சுங்களே" என்றாள் ராஜமேரி. அவருக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, வேலையில் சேர்ந்த இரண்டரை வருஷத்தில் முதல் முறையாக லீவு போட்டாள். தர்மபுரிக்குப் பஸ் ஏறி, நேராக நூலகத்துக்குப் போனாள். "பெரிய இங்கிலீஷ் அகராதி எதுங்க? எல்லாத்துலயும் பெருசு?" நூலகர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டைக் காட்டினார். தலையணை கனம். மேஜையில் வைத்தபோது தூசி எழும்பிற்று.

'வி'யில் விரல் வைத்துத் தேடினாள். இருந்தது.

சண்டைக்காரி, வாயாடி என்று போட்டுத்தான் இருந்தது. ஆனால் அது கடைசியில் வந்த அர்த்தம். அதற்கு மேலே இன்னொன்று: ஆணுக்கு நிகரான வலிமையும் துணிவும் உள்ள பெண், போர் செய்பவள். முன்பெல்லாம் அது புகழ்ச்சி. அதற்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முதலில் இன்னொன்று. பழைய லத்தீன் வேதபுத்தகத்தில் முதல் பெண்ணுக்கு ஆதாம் வைத்த பேர். லத்தீனில் 'வீர்' என்றால் ஆண். அவனிடமிருந்து எடுக்கப்பட்டவள் ஆனபடியால் 'விராகோ'. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், இதற்குச் சமஸ்கிருதத்தில் உறவு, 'வீர'.

ராஜமேரி அந்த இடத்தை மூன்று தடவை படித்தாள். வீரம்! நம்முடைய வீரமும் அந்த 'வீர்'தான். ஒரே வயிற்றில் பிறந்து, ஒன்று இங்கே பரணி பாடப்பட்டு, இன்னொன்று எங்கோ போய்ச் சந்தி சிரித்துத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு வார்த்தையை இப்படிக் கீழே இறக்கினது யார்? பெண் துணிந்து நின்றபோது அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள் எந்த வருஷத்திலிருந்து காதைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்? அகராதி அதைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கை வேகத்தில் பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது.

அன்று மாலையே உபதேசியாரைப் பிடித்தாள். சாமியார் வீட்டு அலமாரியில் பழைய லத்தீன் வேதபுத்தகம் சும்மாதான் கிடந்தது. அனுமதி கேட்டு எடுத்து வந்தார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது. அவளுக்குத் தேடும் அர்த்தம் தெரியும், வாசிக்கத் தெரியாது. சிருஷ்டிப்பின் கதையை அவர் விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தார். விலா எலும்பு எடுத்த இடம் தாண்டியதும் குரல் சட்டென்று நின்றது.

"வி... ரா... கோ" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். "இருக்குதும்மா! 'ஏ' போட்டுத்தான் இருக்குது! எட்மாஸ்டர் எழுத்துப் பிழை விடல!"

"அவரு விட்டது வேற பிழைங்க" என்றாள் ராஜமேரி.

சனிக்கிழமை காலை, வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். தாலி கட்டுவதற்கு முன்னால், அதுவும் பேச்சு நின்றுபோன நேரத்தில், பெண் தனியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதா? ராயம்மாள் வாசலை மறித்துப் பார்த்தாள். மரியசூசைதான் அந்த வாரத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தார். "வுடு. போவட்டும். திரும்பி வர்றப்ப கடைசி பஸ்ஸை வுட்றாதம்மா."

தர்மபுரியில் மாறி, பாலக்கோடு தாண்டி, மாரண்டஹள்ளியில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மதலேனம்மாள் வீட்டு வாசலில் தக்காளி கொட்டிக் கிடந்தது. பழுத்தது ஒரு பக்கம், காய் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"தனியாவா வந்தே?"

"ஆமாங்க அத்தை."

"அத்தையா? ஓலை நின்னு போச்சு, தெரியாது?"

"அப்ப என்னன்னு கூப்புடட்டுங்க? சொல்லுங்க, அப்படியே கூப்புடறேன்."

மதலேனம்மாள் ஒரு தக்காளியை அழுத்திப் பார்த்தாள். உள்ளிருந்து ஸ்தனிஸ்லாஸ் ஓடிவந்து, நாற்காலியை எடுப்பதா, தண்ணீர் எடுப்பதா என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

ராஜமேரி நோட்டைத் திறந்து வாசித்தாள். அகராதியில் இருந்ததையும், வேதபுத்தகத்தில் இருந்ததையும், ஆதாம் முதல் பெண்ணுக்கு வைத்த பேரே இதுதான் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மதலேனம்மாள் முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஆதாம் வெச்சா எனக்கென்ன? அந்த ஆளு பேரு வெச்சதத் தவிர வேற என்னா வேல செஞ்சான்? பழத்தையும் தின்னுட்டு, பழியப் பொண்டாட்டி தலையில போட்டான்."

ராஜமேரிக்குத் தன்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா சிரிப்பு? புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும். அந்த வாத்தியான் எதை நெனச்சு எழுதுனான்? அதைச் சொல்லு."

"சண்டைக்காரின்னு நெனச்சுத்தாங்க எழுதினாரு."

"நீ சண்டைக்காரியா?"

"ஆமாங்க."

தக்காளி பிரித்த கை நின்றது.

"ஆனா எதுக்குச் சண்டை போட்டேன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கலீங்க. உங்க மவனும் கேக்கல, நீங்களும் கேக்கல" என்றாள் ராஜமேரி. "பொட்டப் புள்ளைங்க படிக்க வேண்டிய நேரத்துல அவரு வூட்டுக்குத் தண்ணி சொமந்துச்சுங்க. பதினோரு பேரு. கேட்டை மறிச்சேன். கத்தினேன். நாளைக்கு மறுபடி தூக்கச் சொன்னா மறுபடி கத்துவேன். மன்னிப்பு எழுத மாட்டேன். எழுதினா அந்தப் புள்ளைங்க குடத்தைத் திரும்பத் தூக்கணும். இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். ஓலையை நிறுத்துனது நீங்க. மேல வாசிக்கறதும் வுடறதும் உங்க இஷ்டம். எனக்கு உங்க மவனைப் புடிச்சிருக்குதுங்க, அதையும் மறைக்கல. ஆனா அதுக்காக இதை வுட முடியாது."

பக்கத்து வீட்டு வேலியில் ஒரு தலை தெரிந்தது. "என்னாடி வேடிக்கை?" என்று மதலேனம்மாள் போட்ட சத்தத்தில் தலை மறைந்தது. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் முறையாக ராஜமேரியை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இங்கிலீசுப் பேரு வெக்கல, தமிழ்லயே வெச்சாங்க" என்றாள். "இவன் அப்பன் போனப்ப இவனுக்கு நாலு வயசு. விளைஞ்ச தக்காளியைக் கொழுந்தன்மார் கையில குடுத்தா கால்வாசிதான் வூடு வந்து சேரும். நானே மூட்டையத் தூக்கிக்கிட்டு பஜாருக்குப் போனேன். ஏவாரிங்க ஏமாத்துனா கொரலு எடுத்துப் பேசுனேன். பஜாரின்னாங்க. சாவு வூட்டுல பஜாரி. கோயில்ல பஜாரி. இவனைப் பள்ளிக்கூடத்துல பஜாரி மவன்னு கூப்புட்டு, இவன் ஒருத்தன் பல்லை ஒடச்சுட்டு வந்தான். இருவத்தஞ்சு வருசமாச்சு. அந்தப் பேரு கழுத்துச் செயின் மாதிரி இல்லடி, வேணாங்கறப்ப கழட்டி வெக்க. தோலோட ஒட்டிக்கும். என் வூட்டுக்கு வர்றவளுக்கும் அது வேணுமா? அதுக்குத்தான் அந்தக் காகிதத்தைத் திருத்தி வாங்கச் சொன்னேன். உன்னைப் புடிக்காம இல்ல."

இத்தனை நாள் எதிர்த்து நின்றது கல்லை என்று ராஜமேரி நினைத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கீழே, தக்காளிக்கு இந்தப் பக்கம், குந்தி உட்கார்ந்தாள்.

"பஜாருக்குப் போனதால பஜாரி. அந்தப் பேருக்குள்ள வேற ஒண்ணுமே இல்லீங்க அத்தை. ஒரு மனுசி பஜாருக்குப் போனாங்க, அவ்வளவுதான். போகாம இருந்திருந்தா இவரு கம்பவுண்டர் ஆகியிருப்பாரா, இல்ல மாடு மேய்ச்சிருப்பாரா? வெக்கப்பட வேண்டியது பேரு வெச்சவங்க. நீங்களும் கழட்ட வேண்டாம், நானும் கழட்டலீங்க."

மதலேனம்மாள் ஒரு பழத்தை எடுத்துக் காய்ப் பக்கம் போட்டாள். கண்ணில் ஏதோ விழுந்ததுபோல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில இவனை அனுப்பி, ரெண்டு கோயில்லயும் ஓலையை வாசிக்கச் சொல்றேன். ஆனா அந்த மன்னிப்புக் கடுதாசி..."

"எழுத மாட்டேங்க!" என்றாள் ராஜமேரி.

"எழுதாதன்னு சொல்லத்தாண்டி வாயைத் திறந்தேன். பேச வுடறியா நீ? ஒரு வூட்டுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துனா எவன் கேக்கறது?" என்றாள் மதலேனம்மாள். "டேய், என்னா மரமாட்டம் நிக்கற? போயி சோடா வாங்கிட்டு வா. அப்புறம் பஸ் ஏத்தி வுடு. அவங்கப்பன் காத்துக்கிட்டு இருப்பாரு."

பஸ் நிற்கும் இடம் வரை ஸ்தனிஸ்லாஸ் கூடவே நடந்தான். ராஜமேரி வேண்டுமென்றே பேசவில்லை. மாமியாரோடு தீர்ந்தது, இவனோடு தீரவில்லை.

கடைசியில் அவன்தான் ஆரம்பித்தான். "அந்தப் புள்ளைங்க பேரெல்லாம் என்னா மேரி?"

அவள் நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"குள்ளம்மாள், தங்கம்மாள், ராஜாமணி..." என்று தொடங்கிப் பதினொன்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது பஸ் வந்துவிட்டது.

"அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றான். "எட்மாஸ்டர் முன்னாடி நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். உன்னைப் பத்தி அவரு பேசப் பேச, சரிங்க சரிங்கன்னு நின்னேன். நான் வேணும்னா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா? உனக்கு?"

"எழுதுங்க" என்றாள் ராஜமேரி, படியில் கால் வைத்தபடி. "நாலு வரியில முடிக்கக் கூடாது. 'ஹவ்எவர்' போட்டு இழுக்கவும் கூடாது."

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் பஸ்ஸோடு கூடவே நாலடி ஓடிவந்து, "தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் ஜன்னலில் தலையை நீட்டி, அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகப் பதில் சொன்னாள்.

"எனக்குப் புரியற மாதிரி!"